அண்ணனின் வருத்தமும் கப்பல் காப்புறுதியும்

மகள் அவுஸ்திரேலியாவிலிருந்து அழைத்தபோது நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கை கழுவவும் அவள் நேரம் தரவில்லை. என் கணவர்தான் போனை என் காதருகே பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, கப்பலுக்குப் புக் பண்ணிப்போட்டன். முதல் காசும் கட்டியாச்சு. நீங்களும் அப்பாவும் கட்டாயம் வாறியள். மாட்டன் எண்டு சொல்லேலாது."

எங்களுடைய கலியாணத்தின் முப்பதாவது வருடத்துக்கு அவள் யோசித்து வைத்திருந்த பரிசு அது. நாங்கள் கொழும்பிலிருந்து சிங்கப்பூருக்குப் பறப்பது, அவளும் மருமகனும் அங்கே வந்து சேர்வது, பிறகு நாலு பேருமாக ஒரு பெரிய உல்லாசக் கப்பலில் ஒரு கிழமை சுற்றுவது. கிறிஸ்து பிறந்த நத்தாரும் புதுவருடப் பூசையும் முடிந்த பிறகு, தை மாதத்தில், அதாவது சனவரியில். அவள் அழைத்தது ஆனியில். தென்மேற்கிலிருந்து வருகிற சோளகக் காற்று உச்சத்தில் அடித்துக்கொண்டிருந்த நாட்கள். கதவைத் திறந்தால் வீடு முழுக்கப் புழுதி.

கப்பல் என்றதும் கணவர் போனைத் தன் வாயருகே கொண்டுபோனார். "அம்மாவ மட்டும் கூட்டிட்டுப் போ தாயி. நான் வயலப் பாத்துக்கிறேன்" என்றார்.

அவர் மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர். சின்ன வயதில் குடும்பத்தோடு உயிலங்குளத்துக்கு வந்து குடியேறியவர். நானோ தாழ்வுபாட்டில் கடற்றொழில் வீட்டுப் பிள்ளை. என்னைக் கட்டி இவ்வளவு காலமாகியும், நாங்கள் ‘ஓம்’ என்கிற இடத்தில் அவர் ‘ஆமா’ என்றுதான் சொல்வார். என் அண்ணனின் கடலோர வீட்டுக்கு வந்தால் இவர் கடற்கரை மணலில் நின்று கதைப்பார். கால் நனைய விடமாட்டார்.

"அப்பா, நீங்கள் வராட்டி நான் அழுவன்" என்று மகள் சொன்னாள். அவர் போனை என்னிடமே திருப்பிவிட்டுப் போய்விட்டார். வருவார் என்று எங்கள் இருவருக்கும் விளங்கிவிட்டது.

அதற்குப் பிறகுதான் அவள் மற்ற விசயத்தைச் சொன்னாள். "இன்சூரன்ஸ் ஒண்டு எடுக்க வேணும் அம்மா. உங்கள் இரண்டு பேருக்கும் அங்கதான் எடுக்க வேணும். இப்பவே எடுக்கிறதோ, போற நேரம் பார்த்து எடுக்கிறதோ எண்டு விசாரிச்சுச் சொல்லுங்கோ."

ஒரு சின்ன விசாரிப்பு. அடுத்த நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

மன்னார் ரவுணில் நான் வேலை செய்கிற கந்தோருக்குப் பக்கத்தில் விமானச் சீட்டுப் போடுகிற சின்னக் கடை ஒன்று இருக்கிறது. அங்கே இருக்கிற பிள்ளை தெளிவாகத்தான் சொன்னாள். "கப்பலில வருத்தம் வந்தால் மருந்துச் செலவுக்கு எண்டால், போறதுக்கு முதல் நாள் எடுத்தாலும் காணும் அன்ரி. ஆனா போகேலாமல் நிண்டிட்டால் கட்டின காசு திரும்பி வர வேணுமெல்லோ? அதுக்கு, எடுத்த நாளுக்குப் பிறகு நடந்ததைத்தான் பார்ப்பினம். இப்ப எடுத்தால் இப்ப இருந்து தை வரைக்கும் காவல். தையில எடுத்தால் அதுக்கு முதல் நடந்தது ஒண்டும் சேராது."

"அப்ப இப்ப எடுக்கிறதுதானே நல்லம்?"

"ஓம். இன்னொண்டும் இருக்கு. ஏற்கனவே உள்ள வருத்தங்களையும் சேர்க்க வேணுமெண்டால், முதல் காசு கட்டி இரண்டு கிழமைக்குள்ள எடுக்க வேணும். பிந்தினால் அதைச் சேர்க்கமாட்டினம்."

"எங்கள் இரண்டு பேருக்கும் பெரிசா வருத்தம் ஒண்டும் இல்லைப் பிள்ளை."

"உங்களுக்கு மட்டுமில்லை அன்ரி. வீட்டில நிக்கிற சொந்தக்காரருக்கும். தாய் தகப்பன், கூடப்பிறந்த ஆக்கள். அவையளுக்குக் கடுமையாகி, நீங்கள் பயணத்தை நிப்பாட்ட வேண்டி வந்தால்..."

 கடதாசியை என் பக்கம் திருப்பி, ஒரு வரியின் கீழே பேனாவை வைத்தாள். பயணத்தில் வராத நெருங்கிய உறவினர் யாருக்காவது கடும் நோய் உண்டா, உண்டென்றால் விபரம்.

எனக்கு ஒரே ஒரு அண்ணன். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமையில் இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் மெசினில் படுத்து இரத்தம் சுத்தம் பண்ணுகிறார். ஒருகாலம் தனியாகப் படகைத் தள்ளிக் கடலில் இறக்கிய மனிதன். இப்போது மகன்தான் தொழிலுக்குப் போகிறான், இவர் முற்றத்தில் கதிரை போட்டுக்கொண்டு காற்றைப் பார்த்து ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார்.

"நான் யோசிச்சுப்போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பஸ் நிலையத்தடியில் கழுதைகள் நிழல் தேடி நின்றன. நான் கந்தோருக்குத் திரும்பாமல் கடைத்தெருவில் காரணமில்லாமல் நடந்தேன். ஒரு கடையில் ஏறி நைலோன் கயிறு விலை கேட்டேன். எனக்கு நைலோன் கயிறு தேவையே இல்லை.

எழுதுவதில் என்ன இருக்கிறது? உள்ளதைத்தானே எழுதப்போகிறேன். ஆனால் அந்த வரியில் அண்ணனின் வருத்தத்தை எழுதினால், அவர் தைமாதத்துக்குள் செத்துப்போகலாம் என்று நான் கணக்குப் போட்டுவிட்டேன் என்றாகிறது. அதற்குக் காசும் கட்டுகிறேன். அவர் செத்தால் எனக்குக் காசு திரும்பும். 

அதன்பிறகு எனக்கு இருக்கவும் ஏலவில்லை, நிற்கவும் ஏலவில்லை. அந்தரம் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். காலையில் உயிலங்குளத்தில் பஸ் ஏறும்போது, இன்றைக்கு எடுத்துவிடுவோம் என்று முடிவோடு ஏறுவேன். பாலத்தில் பஸ் போகும்போது, இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்த்ததும், வேண்டாம் என்று தோன்றும். கந்தோருக்குப் போனபின் திரும்பவும் எடுக்கத்தான் வேண்டும் என்று நினைப்பேன். மகள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கேட்டாள். "விசாரிச்சுக்கொண்டிருக்கிறன்" என்றேன்.

கணவரிடம் சொன்னேன். அவர் வயலுக்கு மருந்தடிக்கிற மெசினைக் கழற்றி வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"ஒங்கண்ணனுக்கு ஒன்னும் ஆவாது. எழுதாம எடு."

"எழுதாமல் எடுத்து, பிறகு ஏதும் நடந்தால் காசு தரமாட்டினமே."

"ஒன்னும் ஆவாதுன்னு சொல்றேன், நீ மறுபடியும் ‘நடந்தா’ன்னு சொல்ற."

"சரி, எடுக்காமலே விடுவம்."

"அப்ப எடுக்காத."

அவருக்கு எந்தப் பதிலும் ஒன்றுதான். எனக்குக் கோபம் வந்தது. அவருடைய அண்ணனாக இருந்தால் இப்படிச் சொல்வாரா என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால் அவர் போன மாசிக் காற்றில் அண்ணனை மோட்டார் சைக்கிளில் பின்னால் கட்டிவைத்த மாதிரி இருத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது ஞாபகம் வந்தது. பேசாமல் எழும்பிப் போனேன்.

என்னோடு கந்தோரில் வேலை செய்கிற, நான் தம்பி என்று கூப்பிடுகிற ஒருவர் தாராபுரத்து முஸ்லிம் ஆள். நான் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, "என்னக்கா, கண்ணில ஏதும் கோளாறா?" என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கதிரையை என் மேசைப் பக்கம் இழுத்துப்போட்டு இருந்தார்.

"நாங்க உம்ராவுக்கு மக்கா போக இருந்தமே, போகாம நிண்டது உங்களுக்குத் தெரியும்தானே. வாப்பாவுக்குச் சுகமில்ல எண்டு எல்லாருக்கும் தெரியும். இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்லி ஏஜென்சியில சொன்னாங்க. எனக்குக் கை வரல்ல. எடுத்தா வாப்பாவ நானே அனுப்பி வைக்கிற மாதிரி இருந்திச்சு. போற கிழமை எடுப்பம் எண்டு விட்டன். போற கிழமை வாப்பா மௌத்தாயிட்டாங்க."

"பிறகு?"

"பிறகென்னக்கா. காசு போச்சு. அது பரவாயில்ல. ஆனா நான் எடுக்காம விட்டதால அவரு ஒரு நாள் கூடுதலா இருக்கல்ல." எழும்பிக் கதிரையைத் திரும்ப இழுத்தார். "எடுத்திருந்தாலும் ஒரு நாள் குறைஞ்சிருக்காது. அல்லாஹ்வுக்கு நம்மட கடதாசி தேவையில்லையே."

அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அன்றும் நான் அந்தக் கடையைத் தாண்டி மறுபக்கத்தால் நடந்து பஸ்ஸுக்குப் போனேன்.

வியாழக்கிழமைகளில் கந்தோர் முடிந்ததும் ஆஸ்பத்திரியில் அண்ணனோடு போய் இருப்பேன். மெசினில் படுத்திருக்கும்போது அவருக்குக் கதை வேண்டும். தண்ணீர் அதிகம் குடிக்கக்கூடாது என்பதால் சின்ன ஐஸ் துண்டு ஒன்றை வாயில் போட்டு அதக்கிக்கொண்டிருப்பார். அன்றைக்கு நான் கதைக்கவில்லை. அவருடைய கால் வீக்கத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே பார்த்தேன். மெசினில் ஓடுகிற எண்களைப் பார்த்தேன், எனக்கு அவை விளங்கின மாதிரி.

"என்ன, மாடு வாங்க வந்தவன் மாதிரிப் பார்க்கிறாய்?" என்றார்.

"ஒண்டுமில்லை அண்ணா."

"ஒண்டுமில்லாட்டி உன்ர வாய் இவ்வளவு நேரம் சும்மா கிடக்காது."

நான் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தேன்.

சமாளித்தது பலிக்கவில்லை. சனிக்கிழமை காலையில் அண்ணனே போன் எடுத்தார். "பின்னேரம் வந்திட்டுப் போ" என்று மட்டும் சொன்னார். பிறகுதான் தெரிந்தது, மகள் தாய்மாமனுக்கு வீடியோவில் அழைத்து, அம்மா இன்சூரன்ஸ் எடுக்காமல் இழுத்துக்கொண்டிருக்கிறா, நீங்கள் சொல்லுங்கோ மாமா என்று சொல்லியிருக்கிறாள். காரணம் அவளுக்குத் தெரியாது. அண்ணனுக்குக் கேட்டவுடனே தெரிந்திருக்கிறது.

நான் போனபோது தாழ்வுபாட்டில் காற்று ஆளைத் தள்ளியது. கரையோரத்து மின்சாரக் காற்றாடிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தன. கருவாடு காயப்போட்ட பாய்களின் மேல் வலையை விரித்துக் கல் வைத்திருந்தார்கள். அண்ணன் வீட்டின் மறைவில் கதிரை போட்டு இருந்தார். அண்ணி எனக்குத் தேத்தண்ணி தந்துவிட்டு உள்ளே போய்விட்டா. வேண்டுமென்றுதான் போனா.

"அந்தக் கடதாசியில என்ன கேட்டிருக்கு?" என்று தொடங்கினார்.

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

"கேட்டதுக்குச் சொல்லு."

சொன்னேன். தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

"என்ர பெயரை எழுதினால் நான் செத்துப்போடுவன் எண்டு நினைக்கிறியோ?"

"இல்லை அண்ணா. எழுதிறதே ஒரு மாதிரிக் கிடக்கு. உங்களை வைச்சுக் காசு..."

"விசர்க்கதை கதையாத. எனக்கு என்ன வருத்தமெண்டு ஊருக்கே தெரியும். கொம்பனிக்காரனுக்குத் தெரிஞ்சால் என்ன?" அவர் மூச்சு வாங்கினார். பிறகு கடல் பக்கம் பார்த்துக்கொண்டு, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "நான் உன்னட்டக் கேட்க இருந்தது வேற" என்றார்.

"என்ன?"

"நீ கப்பலில நிக்கேக்க எனக்கு ஏதும் நடந்தால், நீ என்னண்டு வருவாய்? நடுக்கடலில ஆர் உன்னை இறக்கி விடுறது? அதைக் கேட்டியா?"

நான் கேட்கவில்லை. போவதற்கு முன் நடப்பதைப் பற்றியே இரவும் பகலும் நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, போன பின் நடப்பதை நினைக்கத் தைரியம் வரவில்லை. அண்ணன் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். தான் சாவதைப் பற்றி அல்ல, அப்போது நான் அங்கே நிற்பேனா என்பதைப் பற்றி. எட்டு வயது மூத்த மனிதன். கோபத்தையும் பகிடியையும் தவிர வேறொன்றையும் எனக்குக் காட்டாதவர்.

"கேட்டுச் சொல்லுறன் அண்ணா" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"அழுதால் எழும்பிப் போ. அழாமல் கேட்டுக்கொண்டு வா. வந்து சேரலாம் எண்டால் எடு. ஏலாதெண்டால் நீ போக வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. ஆனால் எனக்குத் தெரிய வேணும்."

அந்த இடத்திலேயே சீட்டுக் கடைப் பிள்ளைக்குப் போன் எடுத்தேன். சனிக்கிழமை பின்னேரம் என்றும் பார்க்கவில்லை. அவள் தாளைத் தேடி எடுத்துப் படித்துவிட்டுச் சொன்னாள்: வீட்டில் உள்ளவருக்கு உயிராபத்து என்றாலோ மரணம் என்றாலோ, கப்பல் அடுத்துப் பிடிக்கிற துறைமுகத்தில் இறங்கி விமானத்தில் திரும்பலாம், அந்தச் செலவு காப்புறுதியில் சேரும். ஆனால் அவருடைய வருத்தத்தை முதலே எழுதியிருக்க வேண்டும், காலத்துக்குள் எடுத்திருக்கவும் வேண்டும். நான் போனைச் சத்தமாக வைத்திருந்தேன். அண்ணன் ஒரு காதைக் கையால் குவித்துக் கேட்டார்.

"அடுத்த துறைமுகம் எண்டால் எத்தினை நாள் தங்கச்சி?" என்று அவரே அவளிடம் கேட்டார்.

"கூடினால் இரண்டு நாள் ஐயா."

"இரண்டு நாள் என்னைப் பெட்டிக்குள்ள வைச்சிருக்கலாம்" என்றார் என்னிடம். "போய் எடு."

திங்கட்கிழமை எடுத்தேன். கொடுத்த காலம் முடிய ஒரு நாளோ இரண்டு நாளோதான் இருந்தது. அண்ணனின் வருத்தத்தை அந்தப் பிள்ளை எழுதினாள். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். என் கையால் எழுதவில்லை. அன்றைக்கு அது எனக்கு ஏதோ வித்தியாசம் மாதிரி இருந்தது.

எடுத்தால் அந்தரம் அடங்கும் என்று நினைத்தேன். அடங்கவில்லை. ஆவணி, புரட்டாதி எல்லாம் அண்ணனைப் பார்த்தபடியே போயின. அவருக்கு ஒரு நாள் இருமல் வந்தாலும் தாழ்வுபாட்டுக்குப் பஸ் ஏறுவேன். இரவில் போன் அடித்தால் கணவர்தான் எடுக்க வேண்டும். அண்ணனோ அந்த நாட்களில் முன்னையைவிட நன்றாக இருந்தார். நத்தார் பூசைக்குத் தானே நடந்து கோவிலுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, தலைக்கு எண்ணெய். என்னைக் கண்டதும் நெஞ்சில் தட்டி, "பார், கொம்பனிக்காரனுக்கு நட்டமில்லை" என்றார்.

நத்தார் முடிந்து மூன்றாம் நாள் என் கணவருக்குக் காய்ச்சல் வந்தது.

அந்த மாரியில் மழை அதிகம். வயலில் தண்ணீர் வடியவில்லை. அவர் வரம்பு வெட்டிவிட நாள் முழுக்கச் சேற்றில் நின்றார். முதலில் வெறும் காய்ச்சல் என்று பனடோல் போட்டார். அடுத்த நாள் கெண்டைக்கால் நோவில் நிலத்தில் கால் வைக்க முடியவில்லை. கண் சிவந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்தவுடனேயே எலிக்காய்ச்சல் என்று வார்ட்டில் மறித்துவிட்டார்கள். வயலில் இறங்குகிறவர்களுக்கு முன்கூட்டியே கொடுக்கிற குளிசையைக் குடித்தீர்களா என்று டொக்டர் கேட்டார். "மொத வாரம் குடிச்சேன்" என்றார். மிச்சம் வீட்டில் அலுமாரிக்குள் கிடந்தது.

பயணத்துக்கு இன்னும் ஒரு கிழமை சொச்சம். நான் மகளுக்கு அழைத்து, எப்படித் தொடங்குவதென்று தெரியாமல், "கப்பல்..." என்றேன்.

"கப்பலை விடுங்கோ அம்மா. அப்பாவுக்குச் சலம் போகுதோ? அதைச் சொல்லுங்கோ."

அதுதான் எல்லாருடைய பயமும். இந்தக் காய்ச்சல் சிறுநீரகத்தில் பிடிக்கும். இரண்டு நாளாக அவருக்குச் சலம் குறைந்துகொண்டு வந்தது. கட்டிலின் கீழே தொங்குகிற பையைப் பார்த்துக்கொண்டே நான் நின்றேன். என் வாழ்க்கையில் நான் மூத்திரத்துக்காகச் செபமாலை சொன்னது அப்போதுதான். ஆறு மாதமாக ஒருத்தருக்காகப் பயந்துகொண்டிருந்தேன். வருத்தம் மற்றவரிடம் வந்து நின்றது. பயந்ததெல்லாம் வேறு திசையில் செலவழிந்துபோன மாதிரி, கையில் ஒன்றும் மிச்சமில்லாமல் நின்றேன்.

அண்ணனுக்கு அன்று மெசின் நாள். முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், சுவரைப் பிடித்துப் பிடித்து வார்ட்டுக்கு வந்துவிட்டார். ஊசி குத்திய கையில் பஞ்சு ஒட்டியபடி இருந்தது. என் கணவரின் கட்டிலருகில் வாங்கில் உட்கார்ந்து, கொஞ்சநேரம் மூச்செடுத்தார்.

"என்ன மச்சான், என்ர மெசினுக்குப் போட்டிக்கு வந்தனீரோ? இடமில்லை, சொல்லிப்போட்டன்."

கணவர் கண்ணைத் திறந்தார். உதடு வெடித்திருந்தது. "கப்பலுக்குப் போவாம இருக்க வேற வழி தெரியல மச்சான்" என்றார்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஓடிப்போய் வெளி விறாந்தையில் நின்று நன்றாக அழுதேன். திரும்பி வந்தபோது அண்ணன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, எழும்பியதும் அடுத்த தரம் கட்டாயம் கப்பலில் ஏற வேண்டும், அவ்வளவு பெரிய கப்பல் சோளகத்துக்கு ஆடுமா இல்லையா என்று வந்து தனக்குச் சொல்ல வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டிருந்தார். அவரும் "ஆமா, ஆமா" என்றார்.

அதற்கடுத்த நாள் சலம் போகத் தொடங்கியது. தாதி பையைத் தூக்கிக் காட்டியபோது பக்கத்துக் கட்டில்காரரும் சேர்ந்து சந்தோசப்பட்டார்கள். கப்பல் சிங்கப்பூரில் புறப்பட்ட நாளில் நான் அவருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். மகள் மருமகனை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு நேரே மன்னாருக்கு வந்துவிட்டாள். தகப்பனின் கால்மாட்டில் இருந்து, குளிசை குடிக்காததற்கு ஒரு நாள் முழுக்க ஏசினாள்.

காப்புறுதிக் காசு வந்தது. சுணங்கித்தான் வந்தது; ஆஸ்பத்திரிக் கடிதம் ஒன்று போதாமல் இரண்டாவதும் கேட்டார்கள். ஆனாலும் வந்தது. ஆனியில் எடுக்காமல் தைக்கு விட்டிருந்தால் ஒரு சதமும் வந்திராது என்று கடைப்பிள்ளை சொன்னாள். தாராபுரத்துத் தம்பியிடம் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அதன்பின் தன் வேலையைப் பார்த்தார். அவருக்கு அது சும்மா கேட்டுக்கொள்கிற செய்தி அல்ல என்பது எனக்குத் தெரியும்.

அண்ணன் ஈஸ்டருக்கு முந்திய அந்தத் தவக்காலத்தில் செத்துப்போனார். காலையில், வீட்டில். முதல் நாள் பின்னேரமே மூச்சுக் கஷ்டம் என்று அண்ணி சொல்ல நான் போய்விட்டேன். கப்பலும் இல்லை, துறைமுகமும் இல்லை. உயிலங்குளத்திலிருந்து இரண்டு பஸ். நான் பக்கத்தில் இருந்தேன். கடைசியாக ஒரு ஐஸ் துண்டு கேட்டார், கொடுத்தேன். மகன் அன்று தொழிலுக்குப் போகாமல் படகைக் கரையில் ஏற்றி வைத்திருந்தான்.

அவரை எழுதியதால் ஒன்றும் நடக்கவில்லை. எழுதியது ஒன்றுக்கும் உதவவும் இல்லை. நாங்கள் தையில் போயிருந்தாலும் அதற்கு எவ்வளவோ முந்தித் திரும்பி வந்திருப்போம். இதை நினைத்தால் எனக்கு ஆறுதல் வர வேண்டும். வந்ததில்லை. அந்தச் சனிக்கிழமை பின்னேரம் அவர் கேட்ட கேள்விதான் எனக்கு மிச்சம்.

அண்ணனின் ஆண்டுப் பூசை முடிந்த பிறகு மகள் திரும்பவும் கப்பலுக்குக் கேட்டாள். நான் தயங்கினேன். கணவர்தான், "போவோம். மச்சானுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன்" என்றார். மகள் காசு கட்டிய அன்றே நான் கடைக்குப் போய்க் காப்புறுதி எடுத்தேன். இந்த முறை எழுத வேண்டியிருந்தது என் கணவரின் காய்ச்சலை மட்டும்தான். அதை நானே எழுதினேன்.

ஆடி மாதம் கப்பல் ஏறினோம். அது ஆடியது, மிகக் கொஞ்சம்; கோப்பையில் உள்ள தேத்தண்ணி விளிம்பைத் தொடாத அளவுக்கு. கணவர் முதல் நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. இரண்டாம் நாள் மருமகன் கையைப் பிடித்து மேல்தட்டுக்கு வந்தார். மூன்றாம் நாள் காலையில் சாப்பாடு முடிந்து நிற்கும்போது ஒலிபெருக்கியில் ஏதோ அறிவித்தார்கள். மகள் விளங்கப்படுத்தினாள்: ஆருக்கோ கடும் சுகமில்லை, கப்பல் வழியை மாற்றிப் பக்கத்துத் துறைமுகத்தை நோக்கிப் போகிறதாம், நாங்கள் இன்று பார்க்க இருந்த தீவுக்குப் போக மாட்டாதாம்.

பக்கத்தில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஒரு மணித்தியாலம் போல் ஓடியபின் கரை தெரிந்தது. ஒரு விசைப்படகு வந்து கப்பலோடு அணைந்தது. கீழே ஒரு கதவு திறந்து, வயதான ஒரு அம்மாவைத் தூக்குக் கட்டிலில் கட்டி இறக்கினார்கள். எந்த நாட்டு ஆட்களென்று தெரியவில்லை. பின்னால் ஒரு பெண், மகளாக இருக்க வேண்டும், தாயின் செருப்பை ஒரு கையிலும் பாஸ்போட் உறையைப் பல்லுக்கிடையிலும் பிடித்துக்கொண்டு படகில் பாய்ந்தாள்.

"அவை இன்சூரன்ஸ் எடுத்திருப்பினமோ?" என்று மகளைக் கேட்டேன்.

"என்னம்மா, இந்த நேரத்தில?"

"நேரத்தோட எடுத்திருப்பினமோ எண்டுதான் கேட்கிறன்."

 என் கணவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்து பார்த்தார். படகு வளைந்து கரைப்பக்கம் போய், சிறிதாகி, மறைந்தது. நான் ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ சொன்னேன்.

அன்று பகல் முழுக்க எனக்கு ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. நீச்சல் குளத்தடிக்குப் போனேன், திரும்பி வந்தேன். கடைகள் உள்ள தட்டுக்கு இறங்கினேன், ஏறினேன். கடைசியில் வரவேற்பு மேசைக்குப் போய், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அந்த அம்மாவைப் பற்றிக் கேட்டேன். மேசையில் இருந்த பிள்ளை, உறவினர் அல்லாதவருக்குச் சொல்ல முடியாது என்றாள். நான் போகாமல் நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மகள் கூடவே இருக்கிறாள் என்று மட்டும் சொன்னாள்.

சாப்பாட்டு மண்டபத்தில் கணவர் எனக்கும் சேர்த்துச் சோறு எடுத்து வைத்துக் காத்துக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"மக கூட இருக்குதுல்ல? அப்ப சரி" என்று சொல்லி, சோற்றுக் கோப்பையை என் பக்கம் தள்ளினார்.